எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: கதவைத் திறந்தால் திரை இருளக் கூடாது

கோட்டையூர்க்காரன் (கேள்வி)

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இந்தக் குழுவில்தான் இருக்கீங்க. அதனால இங்கேயே கேட்கிறேன்.

பெதஸ்டா நிறுவனம் செய்யுற எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரைப் பத்தித்தான். அதோட ஐந்தாம் பாகம் ஸ்கைரிம் வெளிவந்தது 2011 நவம்பர் 11. ஆறாம் பாகத்தை அறிவித்தது 2018 ஜூன். மலை, கடலோரம், இடிபாடு, அதுக்கு மேல பெயர், அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஓடாத வீடியோத் துண்டு. 2023-ல அமெரிக்க நீதிமன்ற வழக்கில் மைக்ரோசாஃப்ட் தரப்பு இன்னும் 5 வருஷத்துக்கு மேல ஆகும்னு சொன்னாங்க. 2024 மார்ச்சில் தொடருக்கு 30 வயசு ஆனப்போ, ஆரம்பநிலைப் பதிப்பை உள்ளே விளையாடிப் பார்த்துக்கிட்டிருக்கோம்னு பெதஸ்டா சொன்னது.

எனக்குத் தெரிய வேண்டியது நாலு. கதை நடக்கிற இடம் அந்தக் கற்பனை உலகத்து வறண்ட நாடான ஹேமர்ஃபெல்தானா? பெதஸ்டாவோட 2023 விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டை ஓட்டுற அதே மென்பொருள், கிரியேஷன் எஞ்சின் 2-ல இது வந்தா எதுக்குப் பயப்படணும்? தமிழில் எழுத்தைக் காட்டவாவது வழி உண்டா? கடைசியா, கணினியை இப்பவே மாத்தணுமா, பொறுக்கலாமா?

"நல்லா வரும்", "நாசமாப் போகும்"னு மட்டும் சொல்லாம, ஏன்னும் சேர்த்துச் சொல்லுங்க.


ரெண்டாங்கட்டு (பதில் 1)

தம்பி, இடத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. 2020 டிசம்பர் 31 அன்று பெதஸ்டா போட்ட படத்தில் ஸ்கைரிம் வரைபடம், அதன் மேல் மெழுகுவத்திகள், அதில் ஒன்று ஹேமர்ஃபெல் பக்கம். ரசிகர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். 2018 துண்டில் தெரியும் வறண்ட மலையும் கடலோரமும் அதற்கு ஒத்துப்போகிறது. 'ரெட்ஃபால்' என்ற பெயரைப் பதிவு செய்தபோது ஹேமர்ஃபெலில் வாழும் ரெட்கார்டு மக்களின் கதை என்று பலர் நம்பினார்கள். கடைசியில் அது 2023-ல் வந்த இரத்தக்காட்டேரி ஆட்டத்தின் பெயர். ஆகவே இடத்தை ஊகமாகவே வைத்துக்கொள்வோம்.

எஞ்சினுக்கு வருகிறேன். எனக்குப் பெரிய கவலை கதவு.

ஸ்கைரிமில் வெளியுலகம் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் 4096 அலகு, அதாவது ஏறக்குறைய 58 மீட்டர். உங்களைச் சுற்றி 5-க்கு 5, மொத்தம் 25 கட்டம் மட்டுமே முழு உயிரோடு இருக்கும். அதற்கு அப்பால் தெரியும் மலையும் மரமும் கோபுரமும் மெலிந்த பொம்மை வடிவங்கள். அமைப்புக் கோப்பில் இந்த 5-ஐ 7 ஆக்கினால் தூரத்துக் காட்சி செழிப்பாகத் தெரியும் என்று பலர் மாற்றுகிறார்கள். செய்யாதீர்கள். 7 ஆக்கினால் 49 கட்டம் உயிர்பெறும். நீங்கள் போய்ச் சேருமுன்பே சண்டைகளும் பேச்சுகளும் தொடங்கிப் பாதியில் முறியும். அந்த எண் சேமிப்பிலும் பதிந்துவிடுவதால் பிறகு குறைத்தாலும் தொல்லை தீராது.

வீட்டின் உள்ளறை இந்தக் கட்டங்களில் சேராது. தனிப் பெட்டி. கதவைத் தொட்டால் வெளியுலகை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றுவார்கள், அந்த இடைவெளியில்தான் திரை இருள்கிறது. வைட்ரன், சாலிட்யூட், ரிஃப்டன், விண்ட்ஹெல்ம், மார்கார்த் என்ற ஐந்து நகரங்களும் முழு ஊரோடு சேர்த்துத் தனிப் பெட்டிகள். மதிலுக்கு வெளியே நின்று பார்க்கும் வைட்ரன் வெறும் ஓடு. உள்ளே போனால்தான் ஆட்கள்.

நம்மூர் செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பில் நின்றால் பட்டாலை, வளவு என்ற முற்றம், ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு தாண்டிப் பின்தெரு வெளிச்சம் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். வளவில் ஆள் நடமாடுவதும், மழை பெய்தால் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் நடுவே இறங்குவதும் திண்ணையிலிருந்தே தெரியும். இப்படி ஒரு வீட்டை ஸ்கைரிம் முறையில் கட்ட முடியாது. வாசக்கதவைத் தாண்டி எதுவுமே தெரியாது. ஹேமர்ஃபெல் மாதிரி வெயில் நாடு என்றால் முற்றம் வைத்த வீடுகள் கண்டிப்பாக வேண்டும். முற்றம் வைத்தால் வானம் தெரிய வேண்டும். வானம் தெரிந்தால் வெயிலும் மழையும் உள்ளே வர வேண்டும். தனிப் பெட்டியில் இவ்வளவையும் செய்வது பொய்ச்சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலை.

இந்தக் கதவினால் போனது வெறும் காட்சி மட்டுமில்லை. மூன்றாம் பாகமான மாரோவிண்டில் ஆகாயத்தில் மிதக்கும் மந்திரம் இருந்தது. நான்காம் பாகமான அப்லிவியனில் எடுத்துவிட்டார்கள். காரணம், நகரங்கள் தனிப் பெட்டியாகிவிட்டன. மிதந்து மதிலைத் தாண்டினால் ஆளில்லாத ஓட்டுக்குள் விழுவீர்கள். ஒரு கதவு முடிவு ஒரு மந்திரத்தையே தின்றுவிட்டது. ஆறாம் பாகத்தில் மிதப்பு மந்திரம் திரும்ப வருகிறது என்று அறிவிப்பு வந்தால், நகரங்கள் திறந்துவிட்டன என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். டிரெய்லரில் நான் தேடப்போவது அதைத்தான்.

அடுத்தது பரப்பளவு. 1996-ல் வந்த இரண்டாம் பாகம் டாகர்ஃபால் 15,000-க்கும் மேற்பட்ட இடங்களோடு வந்தது, பெரும்பாலானவை கணினியின் கணக்கீட்டில் தானாக உருவானவை. 2002-ல் மாரோவிண்ட் அதில் மிகச் சிறு பங்குதான், ஆனால் கையால் அடுக்கியது. மக்கள் இன்றும் வழி சொல்லும் அளவுக்கு நினைவில் வைத்திருப்பது இரண்டாவதைத்தான். ஸ்டார்ஃபீல்டில் 1000-க்கும் மேற்பட்ட கோள்கள். ஆனால் கைவிடப்பட்ட கிரையோ ஆய்வகம் ஒரு கோளில் எப்படியோ அடுத்த கோளிலும் அப்படியே. அதே பிணம், அதே மேசை, அதே கடிதம். இரண்டாவது முறை அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உலகம் உடைந்துவிடுகிறது. நிலப்பரப்பைக் கணக்கீட்டில் வரைந்துவிட்டுப் பிறகு கையால் செதுக்கினால் கேடில்லை. கட்டடத்தையும் அதன் உள்ளடக்கத்தையும் கணக்கீட்டில் போட்டால்தான் கேடு.

வறண்ட நாட்டுக்கு ஒரு வேண்டுகோள். பாலைவனம் என்றால் மணலை விரித்துவிட்டு நடுவே ஊரை வைத்துவிடக் கூடாது. நம் பக்கம் ஊர் எங்கே அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஊருணியைச் சுற்றித் தெரு, தெருவுக்கு ஏற்ற மழைநீர் வாய்க்கால், குடிநீர் ஊருணியில் யாரும் கால் கழுவ மாட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் காவல், வற்றினால் என்ன ஆகும் என்று வடிவமைப்பாளர் யோசித்திருந்தால் பாலைவன ஊரில் கதை தானாகவே கிடைக்கும்.

ஆட்களின் அன்றாடமும் திரும்ப வேண்டும். ஸ்கைரிமில் கடைகள் பொதுவாகக் காலை 8 முதல் இரவு 8 வரை. அதன் பிறகு கடைக்காரர் வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். ஒவ்வொரு ஆளுக்கும் நேரவாரியான கட்டளை அடுக்கு இருப்பதால்தான் இது நடக்கிறது. ஸ்டார்ஃபீல்டில் கடைக்காரர் 24 மணி நேரமும் அதே இடத்தில் நிற்கிறார். அடுக்கு வைக்கும் வசதி எஞ்சினில் இருக்கிறது. உழைப்பைப் போட்டால் போதும்.


பள்ளத்தூர்_ஆச்சி (பதில் 2)

ரெண்டாங்கட்டு அண்ணன் சொன்னதுக்கு மேல எஞ்சினைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. "அன்ரியல்ங்கிற வேற நிறுவன எஞ்சினுக்கு மாறிடலாமே"ன்னு அடிக்கடி கேக்குறாங்க. 2025 ஏப்ரல் 22-ல வந்த அப்லிவியன் ரீமாஸ்டர்ல காட்சியை அன்ரியல் 5 பாத்துக்குது, விதிகளைப் பழைய எஞ்சினே ஓட்டுது. அழகா இருக்கு, ஆனா வெளியே நடக்கும்போது விட்டுவிட்டுத் திக்குது. அதைவிட முக்கியம், பெதஸ்டா எஞ்சின்ல ஒவ்வொரு வாளும் ஆளும் வசனமும் தனித்தனிப் பதிவு. மாட், அதாவது ரசிகர்களே ஆட்டத்துல செய்யுற மாற்றம், செய்றவங்க ஒரு சின்னக் கோப்புல அந்தப் பதிவை மட்டும் மேல எழுதினாப் போதும். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். 2011-ல வந்த ஸ்கைரிம் இன்னைக்கும் உயிரோட இருக்குறது அதனாலதான். அதை விட்டுட்டு எஞ்சின் மாத்தினா ஆறாம் பாகம் மூணு வருஷத்துல பழசாயிடும்.

மாட் கருவி எப்ப வரும்ங்கறதுதான் என் கவலை. ஸ்கைரிமுக்கு 2012 பிப்ரவரியிலயே வந்துச்சு, மூணே மாசம். ஸ்டார்ஃபீல்டுக்கு 2024 ஜூன்ல, ஒன்பது மாசம் கழிச்சு. அதுக்குள்ள பாதிப் பேர் வேற ஆட்டத்துக்குப் போயிட்டாங்க. காசுக்கு விக்கிற மாட் இன்னொரு கவலை. 2015 ஏப்ரல்ல ஸ்டீம்ல ஆரம்பிச்சு, எதிர்ப்பு வந்து, சில நாள்லயே நிறுத்தினாங்க. இப்ப அது வேற பேர்ல ஆட்டத்துக்குள்ளயே இருக்கு. அந்தக் கடைக்காகப் புதுப்பிப்பு வர்ற ஒவ்வொரு தடவையும் பல மாட்டுக்கு அடிப்படையான ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் முறியுது, ஏன்னா அது இயக்கக் கோப்புக்குள்ள குறிப்பிட்ட முகவரியைத் தேடிப் போற கருவி. கோப்பு மாறினா முகவரியும் மாறிடும். ஸ்டீம்ல ஆட்டத்தோட பண்புகள்ல போயி, "தொடங்கும்போது மட்டும் புதுப்பி"ன்னு மாத்தி வச்சு, எப்பவும் எக்ஸ்டெண்டர் வழியாவே ஆட்டத்தைத் திறங்க. தானா மாறாது.

கணினி. தம்பி, இப்ப மாத்தாதீங்க. ஆறாம் பாகத்துக்கு என்ன தேவைன்னு அறிவிக்கவே இல்லை. அளவுகோலா வச்சுக்க ஸ்டார்ஃபீல்டு இருக்கு: குறைஞ்சது ஜிடிஎக்ஸ் 1070 டிஐ, பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 2080, 16 ஜிபி ரேம், 125 ஜிபி இடம், எஸ்எஸ்டி கட்டாயம். இது 2023 கணக்கு. அடுத்தது இதுக்கு மேலதான் இருக்கும். கூட்டமான ஊர்ல, உதாரணமா ஸ்டார்ஃபீல்டோட நியூ அட்லாண்டிஸ் நகரத்துல, படம் தடுமாறுறது பெரும்பாலும் பிராசஸராலதான். அதனால எப்ப வாங்கினாலும் கிராஃபிக்ஸ் கார்டுல மட்டும் காசைக் கொட்டாதீங்க.

இப்பவே செய்ய வேண்டியது மின்சாரம். சேமிப்பு எழுதிக்கிட்டிருக்குற அந்த நொடியில கரண்ட் போனா அந்தக் கோப்பு பாதியில நிக்கும், திரும்பத் திறக்காது. கணக்கு இப்படி: ஆட்டம் ஓடும்போது கணினி 400 வாட், மானிட்டர் 30 வாட், மொத்தம் 430. கடையில 600 விஏ யுபிஎஸ் எடுத்துக் குடுப்பாங்க, அது தாங்குறது ஏறக்குறைய 360 வாட்தான். கரண்ட் போன உடனே அதுவும் சேர்ந்து அணைஞ்சிடும். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்க. வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓட்டுறதா இருந்தா சைன் வேவ் இருக்கணும். சதுர அலை இன்வெர்ட்டர்ல இப்ப வர்ற எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள்ள மின்சாரம் குடுக்குற பெட்டி) சூடாகும், சத்தம் போடும், சில சமயம் அணைஞ்சே போகும். பழைய வீட்டுல வயரிங் செய்யுறவங்கள வச்சு எர்த்தையும் ஒரு தடவை பாத்துக்குங்க.

தானியங்கிச் சேமிப்பை மட்டும் நம்பாம, மணிக்கு ஒரு தடவை புதுப் பெயர்ல தனிச் சேமிப்பு போடுங்க. ஒரே கோப்பு மேலயே எழுதாதீங்க.

பதிவிறக்கத்துக்கு, 40 எம்பிபிஎஸ் இணைப்புல 125 ஜிபி ஏறக்குறைய 7 மணி நேரம். ராத்திரி விட்டுப் படுத்தாக் காலையில முடிஞ்சிருக்கும்.

முன்பதிவு வேண்டாம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தாப் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணி நேரத்துல கதையைத் தொடராதீங்க. நேரா பெரிய ஊருக்குப் போங்க, சந்தையில நில்லுங்க, படம் திக்குதான்னு பாருங்க.


எழுத்துக்கோவை (பதில் 3)

தமிழ்க் கேள்விக்கு நான் சொல்கிறேன். வழி உண்டு. ஆனால் மொழிபெயர்ப்புக்கு முன்னால் எழுத்துருவே தடுக்கும்.

ஸ்கைரிம், ஸ்டார்ஃபீல்டு இரண்டிலும் திரையில் தெரியும் எழுத்து ஃபிளாஷ் வகைக் கோப்புகள் வழியாக வருகிறது. அது ஒரு குறியீட்டு எண்ணுக்கு ஒரு உருவம் என்று வரிசையாக அடுக்கும். சீனமும் ஜப்பானும் ஆயிரக்கணக்கான எழுத்தோடு அதில் சரியாக வருகின்றன, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். தமிழ் 247 எழுத்துதான், ஆனால் யூனிகோடில் 247-க்கும் தனி எண் இல்லை. 'கோவில்' என்று எழுதினால் கோப்பில் இருப்பது ஆறு எண்: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. ஓகாரக் குறி ககரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் பின்னால் சேமித்த குறி முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத எஞ்சினில் ககரம் தனியாக நிற்கும், கொம்பும் காலும் ஒட்டாமல் பின்னால் கிடக்கும்.

இதற்குத் தீர்வு டேஸ் 16 முறை. தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றுக்கொண்ட அனைத்து எழுத்துக் குறியீடு அது. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தருகிறது. அதில் 'கோவில்' மூன்றே எண்: கோ, வி, ல். எஞ்சின் எதையும் இடம்மாற்ற வேண்டியதில்லை.

செய்முறை இது. எக்ஸ்டிரான்ஸ்லேட்டர் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் ஆட்டத்தின் சொற்கோப்புகளைத் திறந்து வசனங்களை ஏற்றுமதி செய்யுங்கள். மொழிபெயர்ப்பைச் சாதாரண யூனிகோடிலேயே எழுதுங்கள், அப்போதுதான் தேடலும் எழுத்துப்பிழை திருத்தமும் வேலை செய்யும். எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் படியாக ஒரு சிறு நிரலால் டேஸுக்கு மாற்றுங்கள். முதலிலேயே மாற்றிவிட்டால் திருத்தும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. எழுத்துருவுக்கு, திறந்த உரிமம் உள்ள தமிழ் எழுத்துரு ஒன்றை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் திறந்து, 247 எழுத்தோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளின் 65, ஸ்ரீ ஒன்று, ஆக 313 உருவத்தை அந்த எண்களில் வையுங்கள். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் மறக்காதீர்கள், பலர் மறப்பது இதைத்தான். பிறகு ஃபிளாஷ் எழுத்துருக் கோப்பில் பொதித்து, எழுத்துரு அமைப்புக் கோப்பில் அந்தப் பெயரைக் காட்டுங்கள்.

இதன் பிறகுதான் மொழியின் சிக்கல் தொடங்குகிறது. ஆட்டம் சில வாக்கியங்களில் பெயரை ஓடும்போது நிரப்புகிறது. "இன்னாரைக் கொல்" என்ற பணியில் 'இன்னார்' இருக்கும் இடம் வெற்றிடம். ஆங்கிலத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் சரி. தமிழில் வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். லிடியா 'லிடியாவை' ஆகும், உல்ஃப்ரிக் 'உல்ஃப்ரிக்கை' ஆகும், வெற்றிடத்துக்குப் பின்னால் வெறும் 'ஐ' வைத்தால் 'லிடியாஐ' என்று அசிங்கமாக வரும். ஆகவே பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்புங்கள்: "கொல்ல வேண்டிய ஆள்: லிடியா". கொஞ்சம் வறட்சிதான், ஆனால் ஒருபோதும் உடையாது.

மரியாதையும் அப்படித்தான். ஸ்கைரிமில் ஒரே பொது வசனத்தை ஒரே குரல் வகையைச் சேர்ந்த பலர் பேசுவார்கள். காவலனும் பேசுவான், கிழவரும் பேசுவார். 'நீ' போட்டால் ஒருவருக்குப் பொருந்தாது, 'நீங்க' போட்டால் இன்னொருவருக்குப் பொருந்தாது. பொது வசனங்களில் முன்னிலை வினையையே தவிர்த்து எழுதுவது நல்லது. "எங்கே போறே" என்பதற்குப் பதில் "பயணம் எந்தப் பக்கம்". தனிப் பாத்திரங்களுக்கு மட்டும் உறவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யார்ல் என்ற ஆட்சியாளர் உங்களிடம் 'நீ' என்பார், உங்கள் காவல்பெண் லிடியா 'நீங்கள்' என்பாள். வீரன் ஆணா பெண்ணா என்பது ஆட்டக்காரர் கையில் இருப்பதால், வீரனைப் பற்றி மற்றவர்கள் பேசும் இடத்தில் 'வந்தான்', 'வந்தாள்' இரண்டும் கூடாது, 'வந்தார்' என்று வையுங்கள்.

உழைப்பின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கைரிமில் பேச்சு வரிகள் 60,000-க்கு மேல், ஸ்டார்ஃபீல்டில் 250,000-க்கு மேல் என்று பெதஸ்டாவே சொன்னது. ஒருவர் நாளுக்கு 100 வரி செய்தால் ஸ்கைரிம் 600 நாள். ஆறாம் பாகம் ஸ்டார்ஃபீல்டு அளவில் வந்தால் ஐந்து பேர் சேர்ந்து 500 நாள். என் நம்பிக்கை ஒன்றுதான்: சிக்கலான எழுத்துமுறைகளை எஞ்சினே கையாளும்படி இந்த முறை செய்துவிட்டால் இந்திக்கும் தாய்லாந்து மொழிக்கும் அரபிக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கும். அது வராவிட்டாலும் டேஸ் வழி கையில் இருக்கிறது.


கோட்டையூர்க்காரன்

மூணு பேருக்கும் நன்றி. கணினியை மாத்தப் போறதில்லை. 1000 விஏ யுபிஎஸ் மட்டும் வாங்குறேன் ஆச்சி. எழுத்துக்கோவை அண்ணே, ஆறாம் பாகம் வர்ற வரைக்கும் ஸ்கைரிம்லயே பழகிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குறது?


எழுத்துக்கோவை

பேச்சில் தொடங்காதீர்கள் தம்பி, ஆட்டத்துக்குள் இருக்கும் புத்தகங்களில் தொடங்குங்கள். புத்தகத்தில் வெற்றிடம் நிரப்புவது அரிது, 'நீ' 'நீங்கள்' தொல்லையும் குறைவு, குரலோடு பொருத்தும் வேலையும் இல்லை. முதலில் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, உள்ளே வேறு எதுவும் இல்லாமல் கௌ, ஞொ, றூ, ணை, லோ, ஸ்ரீ, க்ஷே என்று மட்டும் எழுதி ஆட்டத்தில் திறந்து பாருங்கள். எது சதுரக் கட்டமாகத் தெரிகிறதோ அந்த எழுத்து உருவத்தில் விட்டுப்போயிருக்கிறது. அடுத்து 'கண்டுபிடிக்கப்பட்டிருந்ததாலேயே' போல ஒரு நீளச் சொல்லைப் பணிப்பட்டியலின் குறுகிய பத்தியில் போட்டுப் பாருங்கள். எஞ்சின் இடைவெளியில் மட்டுமே வரியை மடக்கும், ஆகவே சொல் ஓரத்தைத் தாண்டும். எழுத்தின் அளவை ஒரு படி குறைத்தும் அடங்கவில்லை என்றால் சொல்லைப் பிரித்து எழுத வேண்டியதுதான்.


ரெண்டாங்கட்டு

இடப்பெயர் பட்டியல் ஒன்றும் இப்போதே போட்டு வையுங்கள். ஒருவர் 'வைட்ரன்' என்றும் இன்னொருவர் 'வெண்ணோட்டம்' என்றும் எழுதினால் 60,000 வரியில் தேடித் திருத்த முடியாது. ஒலிபெயர்ப்பா, பொருள்பெயர்ப்பா என்று முதல் நாளே முடிவெடுங்கள். என் வாக்கு ஒலிபெயர்ப்புக்கு.